கடைக்குள் ஆட்கள் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜவுளி, புத்தகம், பாத்திரம், பொம்மை, காபி என்று எந்தக் கடை போடுபவரும், ஏற்கெனவே இருக்கும் கடையை மாற்றிக் கட்டுபவரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். 250 முதல் 3,000 சதுர அடி வரையிலான கடைகளை மனதில் வைத்து எழுதியது. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறோம்.

1. வாங்கினோமா போனோமான்னு கிளம்பினா நல்லதுதானே? ரொம்ப நேரம் நிக்கறதால எனக்கு என்ன லாபம்?

விற்கும் பொருளைப் பொறுத்தது. மருந்து, பால், மளிகை வாங்க வருபவருக்கு என்ன வேண்டும் என்று முன்பே தெரியும். அவரைச் சீக்கிரம் அனுப்புவதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை. புடவை, புத்தகம், மூக்குக்கண்ணாடி, மரச்சாமான் அப்படியல்ல. நாலைந்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் மனம் ஒரு முடிவுக்கு வரும். அதற்குள் கால் வலித்தாலோ வியர்த்தாலோ, 'அப்புறம் வர்றோம்' என்று எழுந்துவிடுவார்கள். அப்படிப் போனவர்களில் பலர் திரும்புவதில்லை.

ஆட்களை இருக்க வைக்க அலங்காரத்தில் பணத்தைக் கொட்டுவது வழக்கமாக நடக்கும் பிழை. நாங்கள் சொல்வது நேர் எதிர்: கிளம்பத் தூண்டும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போடுங்கள். கால்வலி, புழுக்கம், கண்கூச்சம், இரைச்சல், கழிப்பறை இல்லாமை, 'வாங்காமல் போனால் என்ன நினைப்பார்களோ' என்ற கூச்சம், இந்த ஆறும் போனாலே பெரும்பாலான கடைகளில் வேலை முடிந்தது. கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த ஆறைச் சுற்றித்தான்.

2. உள்ளே காலை வச்ச உடனே திரும்பிப் போயிடறாங்க. வாசல்லயே என்ன தப்பு?

முதலில் கண்ணைப் பாருங்கள். நம் ஊர் நண்பகல் வெயிலில் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரை போகும். கடைக்குள் இருப்பது 300 லக்ஸ். வெளியிலிருந்து வருபவருக்குச் சில நொடிகள் உள்ளே எதுவுமே சரியாகத் தெரியாது, கடை இருட்டாகவும் காலியாகவும் படும். இதைத் தணிக்க வாசலுக்கு மேல் ஆறடி நீளத்துக்கு நிழல் கூரை வேண்டும். உள்ளே முதல் எட்டு அடிக்குப் பகலில் 800 முதல் 1,000 லக்ஸ் இருக்கட்டும். அந்த விளக்குகளுக்குத் தனி சுவிட்ச் வைத்தால் பொழுது சாய்ந்ததும் குறைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, அந்த முதல் எட்டு அடியில் விற்கும் பொருளை அடுக்காதீர்கள். வருபவர் குடையை மடக்குவார், பையைத் தோளுக்கு மாற்றுவார், குழந்தையின் கையைப் பிடிப்பார். அந்த நேரத்தில் நீங்கள் தள்ளுபடிப் பலகை வைத்தாலும் அவர் கண்ணில் விழாது. அங்கேயே ஊழியர் ஓடிவந்து 'என்ன பார்க்கறீங்க?' என்றால், இன்னும் எதையும் பார்க்காதவர் 'சும்மா' என்றுதான் சொல்வார். அப்படிச் சொல்லிவிட்டவருக்கு அதற்குப் பிறகு எதையும் எடுத்துக் காட்டச் சொல்லக் கூச்சமாகிவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் தனி ஏற்பாடு வேண்டும். இரண்டு கால்களும் இரண்டு முறையாவது பதியும்படி ஆறடி நீள மிதியடி, குடை வைக்க அடியில் தண்ணீர்த் தட்டுள்ள தாங்கி, இவை போதும். பளபளப்பான விட்ரிஃபைடு டைல்ஸ் ஈரத்தில் வழுக்கும். வாசல் பகுதிக்கு மட்டுமாவது சொரசொரப்பான மேற்பரப்புள்ள ஓடு போடுங்கள். வழுக்கும் தரையில் வயதானவர்கள் பொருளைப் பார்க்க மாட்டார்கள், தரையைத்தான் பார்ப்பார்கள்.

3. நடக்கற வழி எவ்வளவு அகலம் விடணும்? வாடகைக் கடை, ஒவ்வொரு அடியும் காசு.

முக்கிய வழிக்கு ஐந்து முதல் ஆறு அடி, ரேக்குகளுக்கு இடையில் நான்கு அடி. மூன்றடியில் ஒருவர் நடந்து போகலாம், நின்று பார்க்க முடியாது. குழந்தைகள் துணிப் பிரிவில் இது நன்றாகத் தெரியும். கீழ்த் தட்டில் இருக்கும் பாவாடையை எடுக்க ஒரு பெண் குனிகிறார். பின்னால் போகிறவரின் பை முதுகில் உரசுகிறது. நிமிர்ந்து வழிவிடுகிறார். மறுபடி குனிகிறார், மறுபடி உரசல். மூன்றாவது முறை அவர் அந்த ரேக்கை விட்டே நகர்ந்துவிடுவார். சரக்கில் குறையில்லை, வழியில்தான் குறை. இடம் இல்லையென்றால் ஒரு வரிசை ரேக்கை எடுத்துவிட்டு, மிச்சமிருப்பதை நான்கடி இடைவெளியில் வையுங்கள். குறைந்த சரக்கை அதிக நேரம் பார்ப்பார்கள்.

நடுவில் வைக்கும் ரேக்குகள் நாலரை அடிக்கு மேல் உயரக் கூடாது. வாசலிலிருந்து கடைசிச் சுவர் கண்ணுக்குத் தெரிந்தால்தான் உள்ளே போகத் தோன்றும். கைக்கு எட்டும் உயரம் இரண்டடியிலிருந்து ஐந்தரை அடி வரை. அதற்கு மேலே இருப்பது இருப்பு வைக்கத்தான் உதவும்.

சக்கர நாற்காலிக்கு வாசலிலும் வழியிலும் குறைந்தது 900 மில்லிமீட்டர், திரும்பும் இடத்தில் 1,500 மில்லிமீட்டர் வட்டம் வேண்டும். சாய்தளம் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். உங்கள் கடைத் தரை ஒன்றரை அடி உயரத்தில் இருந்தால் சாய்தளம் பதினெட்டு அடி வரும். நேராக இடமில்லையென்றால் சுவரை ஒட்டித் திருப்பிக் கட்டலாம். நாலடியில் முடித்துச் செங்குத்தாக நிற்கும் சாய்தளத்தில் சக்கர நாற்காலி ஏறாது, அது பார்சல் வண்டிக்கு மட்டும்தான் உதவும்.

4. லைட்டு நிறையவே போட்டாச்சு. ஆனாலும் கடை டல்லா இருக்குங்கறாங்க.

எல்லா இடத்திலும் ஒரே அளவு வெளிச்சம் இருப்பதுதான் காரணம். கண்ணுக்கு எதில் நிற்பது என்று தெரியவில்லை. பொது வெளிச்சத்தை 300 லக்ஸில் நிறுத்தி, நீங்கள் காட்ட நினைக்கும் இடங்களில் மட்டும் அதைப்போல் மூன்று மடங்கு கொடுங்கள். 1,000 சதுர அடி என்பது ஏறத்தாழ 93 சதுர மீட்டர். 300 லக்ஸுக்கு 28,000 லூமன் (விளக்கு தரும் மொத்த ஒளியின் அளவு) வேண்டும். சுவர், தூசி, விளக்குக் கூடு இவற்றில் பாதி போய்விடும் என்று வைத்தால் 56,000 லூமன் வாங்க வேண்டும். ஒரு வாட்டுக்கு 100 லூமன் தரும் எல்.இ.டி.யில் அது 560 வாட்தான். மிச்சப் பணத்தை ஸ்பாட் லைட்டுக்கு வையுங்கள். 24 டிகிரி ஸ்பாட் ஆறடி தூரத்தில் இரண்டரை அடி வட்டமாக விழும், துணி உடுத்திக் காட்டும் பொம்மையின் மேல்பாதிக்கு அது சரியாக இருக்கும். செங்குத்தாக இறக்காமல் 30 டிகிரி சாய்த்தால் முகத்தில் நிழலும் விழாது, எதிரே நிற்பவர் கண்ணும் கூசாது.

துணிக்கடைக்கு இன்னொன்று முக்கியம். 'வாசல்ல கொண்டுபோய்ப் பார்த்துட்டு வரட்டுமா?' என்று புடவையைத் தூக்கிக்கொண்டு வாடிக்கையாளர் வெயிலுக்கு ஓடுகிறார் என்றால், உங்கள் விளக்கை அவர் நம்பவில்லை என்று பொருள். நிறத்தை உள்ளபடி காட்டும் திறனை சி.ஆர்.ஐ. என்ற எண்ணால் குறிப்பார்கள். மலிவு விளக்குகளில் அது 70, 80 என்று இருக்கும். துணிக்கு 90-க்கு மேல் கேளுங்கள். கூடவே ஆர்-9 மதிப்பையும் கேளுங்கள், அது ஆழ்ந்த சிவப்புக்கானது. சி.ஆர்.ஐ. 80 என்று அட்டையில் போட்டு ஆர்-9 சுழியத்துக்குப் பக்கத்தில் இருக்கும் விளக்குகள் சந்தையில் ஏராளம். அவற்றின் கீழ் அரக்குப் புடவை பழுப்படிக்கும். கல்யாணப் புடவையில் சிவப்பும் அரக்கும்தானே முதலில் போகும்? விளக்கை மாற்ற இதைவிட வலுவான காரணம் வேண்டாம்.

ஒளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் வெள்ளை. தங்கத்துக்கும் மரச்சாமானுக்கும் 3,000 கெல்வின், துணிக்கும் வெள்ளிக்கும் 4,000. 6,500 கெல்வின் வெள்ளை ஒளியில் ஆட்களின் முகம் வெளிறித் தெரியும், கண்ணாடி முன் யாரும் நிற்க விரும்ப மாட்டார்கள்.

5. நாற்காலி போட்டா ஊர்ல இருக்கறவங்க எல்லாம் வந்து உட்கார்ந்துடுவாங்களே?

உட்காரட்டும். ஒரு குடும்பம் துணி எடுக்க வந்தால் தேர்வு செய்வது இருவர், காத்திருப்பது நால்வர். அந்த நால்வரில் ஒருவர் 'முடிஞ்சுதா, போகலாமா?' என்று ஆரம்பித்தால் தேர்வு அங்கேயே நின்றுவிடும். நாற்காலி போடுவது இவர்களுக்காகத்தான். அதனால் அதை ஒரு மூலையில் ஒதுக்காமல், தேர்வு நடக்கும் இடம் தெரியும்படி பத்தடிக்குள் வையுங்கள். தாத்தாவும் அங்கிருந்தே 'அந்தப் பச்சை நல்லா இருக்கு' என்று சொல்ல முடிய வேண்டும்.

இருக்கை உயரம் 17 முதல் 18 அங்குலம். வயதானவர்களுக்கு 19 அங்குலமும் இரு பக்கமும் கைப்பிடியும் வேண்டும். அமுங்கிப் போகும் சோபாவில் உட்கார்ந்த பாட்டியை எழுப்ப இருவர் வர வேண்டியிருக்கும். நகர்த்தக்கூடிய நாற்காலி, தரையோடு பொருத்திய பெஞ்சைவிட நல்லது. வில்லியம் எச். வைட் என்பவர் 1970-களில் நியூயார்க் நகரச் சதுக்கங்களைப் படமெடுத்து ஆராய்ந்து 1980-இல் வெளியிட்டார். உட்கார இடம் உள்ள சதுக்கங்களில்தான் மக்கள் சேர்கிறார்கள் என்பதையும், நகர்த்தும் நாற்காலி கிடைத்தால் ஓரடியாவது நகர்த்திவிட்டுத்தான் உட்காருகிறார்கள் என்பதையும் அதில் காட்டினார். தன் இடத்தைத் தானே அமைத்துக்கொண்ட நிறைவு அது.

பட்டுப் பிரிவுக்கு நம் பழைய முறையை மிஞ்ச எதுவுமில்லை. தரையிலிருந்து உயர்த்திய மேடை, மேலே மெத்தை, வெள்ளை விரிப்பு, செருப்பைக் கழற்றிவிட்டு எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பார்ப்பது. ஐந்தரை மீட்டர் புடவையை உடல், கரை, முந்தி தெரிய விரிக்க ஆறடி நீளமாவது காலியிடம் வேண்டும். நின்றபடி கவுண்ட்டரில் காட்டும்போது முந்தி மட்டும்தான் தெரியும். உட்கார்ந்தவர் பத்துப் புடவை பார்ப்பார், நிற்பவர் நாலோடு நிறுத்துவார்.

6. ஏ.சி. 18-ல ஓடுது. அப்பவும் மூச்சு முட்டுதுங்கறாங்க.

குளிர் வேறு, காற்று வேறு. ஸ்பிளிட் ஏ.சி. உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. கூட்டம் சேரச் சேர கரியமில வாயு ஏறும். அதை அளக்கும் சிறு கருவி ஒன்று வாங்கி மாலை ஏழு மணிக்குப் பாருங்கள். 1,000 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காற்றில் ஆயிரம் பங்கு) தாண்டினால் ஆட்களுக்குக் கொட்டாவியும் தலைபாரமும் வர ஆரம்பிக்கும், ஏனென்று அவர்களுக்கே தெரியாமல் வெளியே போகத் தோன்றும். பின்சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன், எதிர்ப்பக்கம் வடிகட்டியுடன் காற்று வரும் வழி, இரண்டும் சேர்ந்தே வேண்டும். எக்ஸாஸ்ட் மட்டும் வைத்தால் வாசல் வழியாகச் சாலைப் புகையைத்தான் இழுக்கும்.

18 வேண்டாம். வியர்த்து வந்தவருக்கு அது ஐந்து நிமிடம் சுகம், பிறகு நடுக்கம். 24, 25-இல் வைத்து மெதுவாகச் சுற்றும் மின்விசிறி சேர்த்தால் அரை மணி நேரம் அலுக்காது. காற்று நேராகத் தலையில் விழும் இடத்தில் நாற்காலியோ கண்ணாடியோ வைக்காதீர்கள்.

7. பாட்டு போடலாமா? என்ன பாட்டு?

வேகத்தையும் சத்தத்தையும் முதலில் பாருங்கள், பாட்டு எது என்பது அப்புறம். ரொனால்ட் மில்லிமன் 1982-இல் அமெரிக்க சூப்பர் மார்க்கெட் ஒன்றில் சோதித்து வெளியிட்ட முடிவு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. மெதுவான இசை ஒலித்த நாட்களில் ஆட்கள் மெதுவாக நடந்தார்கள், விற்பனையும் வேக இசை நாட்களைவிடச் சுமார் 38 சதவீதம் கூடியது. அது ஒரு கடையின் கணக்கு, உங்கள் கடையிலும் அதே எண் வரும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மெதுவான இசைக்கு நடை மெதுவாகும் என்ற அளவில் நம்பலாம்.

பேச்சு கேட்கும் அளவுக்குக் கீழே சத்தம் இருக்க வேண்டும். 60 டெசிபல் சரி, 70 தாண்டினால் எல்லோரும் குரலை உயர்த்துவார்கள், கடை சந்தையாகிவிடும். வாசலில் ஸ்பீக்கர் வைத்து ஒருவர் ஓயாமல் ஆஃபர் கூவுவது உள்ளே இருப்பவரை விரட்டும் வேலை. பாட்டே இல்லாமலும் கடை இரைச்சலாக இருந்தால், டைல்ஸ், கண்ணாடி, ஜிப்சம் என்று எல்லாமே ஒலியைத் திருப்பி அடிக்கும் பரப்புகளாக இருக்கும். கூரையில் மூன்றில் ஒரு பங்குக்காவது ஒலி உறிஞ்சும் பலகை போட்டால் வித்தியாசம் உடனே தெரியும். கடையில் பதிவிசை ஒலிக்கச் செய்வது பொது நிகழ்த்தல் என்பதால், 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமம் வாங்க வேண்டியிருக்கும்.

8. கழிப்பறை வைக்கணுமா? பராமரிக்க முடியலையே.

வையுங்கள். குழந்தையோடு வந்தவரும் சர்க்கரை நோய் உள்ளவரும் உங்கள் கடையில் எவ்வளவு நேரம் இருப்பார்கள் என்பதை வேறெதையும்விட இதுதான் தீர்மானிக்கிறது. இல்லாவிட்டால் மற்ற பதில்களில் உள்ள எதைச் செய்தும் முக்கால் மணி நேரத்தைத் தாண்ட முடியாது. இரண்டு மணிக்கு ஒருமுறை கழுவியதைக் குறிக்கும் தாள் கதவில் இருக்கட்டும். குடிதண்ணீர் கேட்காமலே கிடைக்கும் இடத்தில் இருக்கட்டும். திரை போட்ட ஒரு மூலையும் ஒரு நாற்காலியும் போதும், கைக்குழந்தைக்காரர் வீட்டுக்கு ஓட வேண்டியதில்லை.

9. சேல்ஸ் பசங்களை கஸ்டமர் கூடவே போகச் சொல்லலாமா?

கூடாது. முதல் கேள்வியில் சொன்ன கூச்சம் இதில்தான் பிறக்கிறது. வந்தவுடன் 'வாங்க' என்று ஒரு சொல், பிறகு பத்தடி தள்ளி ரேக்கைச் சரிசெய்தபடி இருப்பது. வாடிக்கையாளர் தலையைத் தூக்கித் தேடினால் அருகே போவது. அவர் ஒரே பொருளை இரண்டாம் முறை எடுத்துப் பார்த்தாலும் போகலாம். விலை ஒட்டாத பொருள் இருக்கவே கூடாது. விலை கேட்பதற்கே தயங்கிக் கீழே வைத்துவிட்டுப் போகிறவர்கள் நிறைய.

ஊழியர் உட்கார இடம் கொடுங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் சேர்த்த 22-ஏ பிரிவு எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதியைக் கட்டாயமாக்கியது. சட்டம் இருக்கட்டும், பன்னிரண்டு மணி நேரம் நின்ற பெண் எட்டு மணிக்குப் பதினோராவது புடவையை எப்படி முகம் சுளிக்காமல் விரிப்பார்? அவர் கால்வலி வாடிக்கையாளருக்கும் தெரியும். 'இவங்களைக் கஷ்டப்படுத்தறோமே' என்றே எழுந்துபோகும் நல்ல மனசுக்காரர்கள் நம் ஊரில் உண்டு.

10. டிரையல் ரூம் எப்படி இருக்கணும்?

நாலடிக்கு ஐந்தடி, மூன்று கொக்கி, ஒரு சிறு பலகை இருக்கை, முழு உயரக் கண்ணாடி. கொக்கி ஒன்றே ஒன்று இருந்தால் கழற்றிய துணி தரைக்குப் போகும். விளக்கைத் தலைக்கு மேல் வைக்காதீர்கள். கண்ணுக்குக் கீழே நிழல் விழுந்து எந்த உடையும் பிடிக்காமல் போகும். கண்ணாடியின் இரு பக்கமும் நிமிர்ந்த விளக்குகள் வையுங்கள், நான்காம் பதிலில் சொன்ன சி.ஆர்.ஐ. இங்கேயும் பொருந்தும். கதவு நன்றாகத் தாழிடும்படியும், மேலும் கீழும் எட்டிப் பார்க்க இடுக்கு இல்லாமலும் இருக்க வேண்டும். கேமரா இந்த அறை வாசலைக்கூட நோக்கக் கூடாது.

11. என் கடையே 250 சதுர அடி. இதுல எங்க நாற்காலி, எங்க மேடை?

வாசலைப் பயன்படுத்துங்கள். உங்கள் எல்லைக்குள் ஒன்றரை அடி உயரத்தில், ஒன்றரை அடி ஆழத்தில் ஒரு திண்ணை கட்டினால் மூவர் உட்காரலாம், உள்ளே அந்த இடம் மிச்சம். நடைபாதையில் இறக்கிக் கட்டாதீர்கள். உள்ளே சுவரோடு ரேக், நடுவில் ஒன்றும் வேண்டாம். பில் போடும் மேசையை வாசலை மறித்து வைக்காமல் பக்கச் சுவருக்குத் தள்ளுங்கள். வாசலில் முதலாளி உட்கார்ந்து ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டிருந்தால், சும்மா பார்த்துவிட்டுப் போக நினைப்பவர் நுழையவே மாட்டார்.

12. மெஸ் வச்சிருக்கேன். எனக்கும் இது பொருந்துமா?

மதியத்துக்குப் பொருந்தாது. 40 இருக்கை, 12 முதல் 3 மணி வரை வியாபாரம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் அரை மணியில் எழுந்தால் ஆறு பந்தி, 240 சாப்பாடு. முக்கால் மணி எடுத்தால் நாலு பந்தி, 160 சாப்பாடுதான். மில்லிமனே 1986-இல் ஓர் உணவகத்தில் பார்த்தார். மெதுவான இசையில் 56 நிமிடம், வேகமான இசையில் 45 நிமிடம் இருந்தார்கள். சாப்பாட்டு பில்லில் பெரிய மாற்றமில்லை, மதுவுக்கான செலவுதான் கூடியது. சாப்பாடு மட்டும் விற்பவருக்கு அந்தப் பதினோரு நிமிடம் நஷ்டம்.

ஆனால் நாலு மணிக்குக் காலியாகக் கிடக்கும் அதே மேசைகளுக்குப் பொருந்தும். பாதி விளக்கை அணைத்து, சுவரோரம் இருக்கும் மேசைகளை மட்டும் திறந்து காபி, பஜ்ஜி போடலாம். நேரத்துக்கு ஏற்றபடி வெளிச்சமும் இசையும் மாறும்படி மின்னிணைப்பைத் தொடக்கத்திலேயே பிரித்து வையுங்கள்.

13. பெரிய மால்ல எல்லாம் வெளிய வழி தெரியாம சுத்த விடறாங்களே, நாமும் அப்படிச் செய்யலாமா?

வேண்டாம். முழுவதும் மூடிய, குளிரூட்டிய மால் என்ற வடிவத்தை 1956-இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் சவுத்டேல் என்ற பெயரில் கட்டியவர் விக்டர் குரூயன். வியன்னாவில் பிறந்தவர். ஊர்ச் சதுக்கம்போல் மக்கள் கூடிப் பழகும் இடமாகத்தான் அதை நினைத்தார், நடுவில் தோட்ட முற்றம் வைத்தார். வந்த காரியத்தை மறந்து ஆட்கள் சுற்றுவதற்கே பின்னாளில் அவர் பெயரை வைத்துவிட்டார்கள். தன் வடிவம் வெறும் வியாபார இயந்திரமாகிப் போனதைக் கண்டு அவரே மால்களைக் கடுமையாகச் சாடினார்.

வழி தெரியாதவர் பதற்றத்தோடு நடப்பார், பதற்றத்தில் எதையும் ரசித்துப் பார்க்க மாட்டார். அடுத்த முறை வரவும் மாட்டார். இதைவிடப் பெரிய விஷயம் தீ. 2017 மே மாதக் கடைசியில் சென்னை தியாகராய நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடைக் கட்டடம் தீப்பிடித்து இடிந்தே போனது. வியாபார நேரத்துக்கு முன்பு பிடித்ததால் உள்ளே கூட்டம் இல்லை. துணி நிறைந்த கட்டடம் எப்படி எரியும் என்பதை நகரமே பார்த்தது. அவசர வழியை ரேக்கால் மறைப்பது, பண்டிகைக் கூட்டத்தில் படிக்கட்டில் சரக்கு அடுக்குவது, திருட்டுப் பயத்தில் பின்கதவைப் பூட்டுவது இவற்றில் எதையும் செய்யாதீர்கள். அவசரக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், சாவி இல்லாமல் திறக்க வேண்டும்.

14. இதெல்லாம் செஞ்சப்புறம் நேரம் கூடிடுச்சான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? நேரம் கூடியும் பில் கூடலைன்னா?

கருவி வேண்டாம், ஒரு நோட்டு போதும். ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் நுழைந்தார்கள் என்று வாசலில் ஒருவர் எண்ணட்டும். அதே ஒரு மணியில் கால் மணிக்கு ஒருமுறை உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தலை எண்ணுங்கள், அவற்றின் சராசரியை எடுங்கள். உள்ளே இருந்த சராசரியை நுழைந்தவர் எண்ணிக்கையால் வகுத்தால் ஒருவர் இருந்த நேரம் கிடைக்கும். 40 பேர் நுழைந்து, உள்ளே சராசரி 20 பேர் என்றால் அரை மணி நேரம். ஊழியரை எண்ணாதீர்கள். திறந்தவுடனும் மூடும் முன்பும் எடுத்த கணக்கு தப்பாக வரும். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அதே கிழமை, அதே நேரம் எடுங்கள். ஆடித் தள்ளுபடியையும் புரட்டாசியையும் ஒப்பிடக் கூடாது.

நேரம் கூடி பில் கூடவில்லையென்றால் முதலில் வரிசையைப் பாருங்கள். பில் போட ஒரு இடம், பணம் கட்ட ஒரு இடம், பொருள் வாங்க ஒரு இடம் என்று மூன்று முறை நிற்க வைத்தால், கூடிய நேரம் முழுவதும் அங்கேதான் போயிருக்கும். ரேக் முன் நிற்பவர்களையும் கவுண்ட்டர் முன் நிற்பவர்களையும் தனித்தனியாக எண்ணினால் தெரிந்துவிடும். எல்லா கவுண்ட்டருக்கும் ஒரே வரிசை வைத்து, காலியாகும் கவுண்ட்டருக்கு முன்னால் நிற்பவரை அனுப்புங்கள். 'பக்கத்து வரிசை வேகமாகப் போகுதே' என்ற எரிச்சல் போய்விடும். வரிசையிலும் தவறில்லை என்றால் சரக்கைப் பாருங்கள். ஆட்கள் நின்று பார்க்கிறார்கள், எடுத்தும் பார்க்கிறார்கள், வைத்துவிட்டுப் போகிறார்கள் என்றால் விலையிலோ அளவிலோ ரகத்திலோ குறை இருக்கிறது. எந்த ரேக்கில் எடுத்து எடுத்து வைக்கிறார்கள் என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். அடுத்த கொள்முதலுக்குப் போகும்போது அந்த நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.